எதை இறக்குவது? ஃபேடர் என்ற சின்னக் கட்டையின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆறு கோடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டதுகூட விழவில்லை, காதில் ஹெட்போன்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு எல்லோரும் வரும்போது போட்டுக் காட்டலாம் என்று ஒரு வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். 1994இல் அப்பா கேசட்டில் பதிந்து வைத்த அம்மாவின் பாட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கணினிக்கு மாற்றி, அதோடு அக்கா மகளின் வயலின் இரண்டு தடம், அவளோடு வாசிக்கிற பையனின் மிருதங்கம், தம்புரா, போதாக்குறைக்கு நான் தட்டுத்தடுமாறி வாசித்த கீபோர்டு எல்லாம் சேர்த்து ஆறு தடங்கள். மென்பொருள் ஆடாசிட்டி. கேசட் ஓடிய வேகத்தில் சுருதி ஒரு நூல் ஏறியிருந்ததை எப்படிச் சரிசெய்தேன் என்பது தனிக்கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சுருதி சேர்ந்த பிறகுதான் உண்மையான தலைவலி தொடங்கியது. அம்மா குரல் சன்னமாகக் கேட்டது, ஏற்றினேன். வயலின் அமுங்கிவிட்டது, அதையும் ஏற்றினேன். மிருதங்கம் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல ஆகிவிட்டது. சரி, அதையும். ஒரு மணி நேரத்தில் ஆறு தடமும் மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, மீட்டர் முழுக்கச் சிவப்பு, பாட்டு கரகரவென்று உடைகிறது. இருபது வருடமாக நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவனுக்கு ஆறு ஸ்லைடரை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை.

காலேஜில் என்னோடு பி.இ. படித்துவிட்டு ரெக்கார்டிங் பக்கம் போய்விட்ட நண்பன் ஒருவன் இருக்கிறான். போன் போட்டேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை. “மச்சி, எது கேக்கலையோ அதை ஏத்தாதே. எது மறைக்குதோ அதை இறக்கு. எல்லாத்தையும் பத்து டெசிபல் இறக்கிட்டு மறுபடி ஆரம்பி. சத்தம் பத்தலைன்னா ஸ்பீக்கரைத் திருகிக்கோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சொன்னபடி செய்தேன், வேலை செய்தது. ஆனால் நம் புத்தி சும்மா இருக்காதே. இந்த ஸ்லைடர் எங்கிருந்து வந்தது, திரையில் அது ஏன் இப்படி ஒரு நீளக் கட்டையாக இருக்கிறது, பூஜ்யம் ஏன் உச்சியிலும் இல்லாமல் நடுவிலும் இல்லாமல் முக்கால் உயரத்தில் இருக்கிறது என்று தேடப்போய் நாலு ராத்திரி போய்விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டெசிபல். இந்த அளவு பாட்டுக்காகப் பிறந்ததில்லை, தொலைபேசிக் கம்பிக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்துப் பொறியாளர்கள் ஒரு மைல் நீளமுள்ள குறிப்பிட்ட வகைக் கம்பியில் குரல் எவ்வளவு தேய்கிறதோ அதையே அலகாக வைத்திருந்தார்கள். ஓர் இணைப்பில் இத்தனை மைல் இழப்பு என்று சொல்வார்கள். 1920களில் அதைக் கைவிட்டு மடக்கைக் கணக்கில் புதிய அலகு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1928 வாக்கில் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் பெயரையே அதற்கு வைத்து, பெல்லில் பத்தில் ஒரு பங்கை டெசிபல் என்றார்கள். பழைய மைலும் புதிய டெசிபலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நம் காது சிரமப்பட்டுப் பிரித்தறியக்கூடிய மிகச் சின்ன வித்தியாசமும் ஏறக்குறைய அதே அளவுதான்.

டெசிபல் ஒரு விகிதம் என்பதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு தடத்தை 6 டெசிபல் இறக்கினால் அலையின் உயரம் பாதியாகும், இன்னும் 6 இறக்கினால் கால். ஆனால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் இறக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு ஒலிகளை ஒரே அளவில் கூட்டினால் மொத்தம் 8 டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். பதினாறு தடம் என்றால் 12. நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்கிறேன். 16 பிட் எண்ணில் 32,767க்கு மேல் இடம் கிடையாது. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் உச்சியிலேயே வெட்டு. அலையின் தலை தட்டையாகிவிடும், அதுதான் நான் கேட்ட கரகரப்பு. உள்ளுக்குள் 32 பிட் மிதவைப்புள்ளி எண்களில் கூட்டுவதால் கலக்கும்போது எதுவும் தொலையாது. வெளியே வரும் வாசலில்தான் தலை இடிக்கிறது. ஆக, நண்பன் சொன்னது கணக்குப்படியும் சரி.

அந்த முக்கால் உயரத்துப் பூஜ்யத்துக்கும் இதே விகிதம்தான் காரணம். பூஜ்யம் என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை, வந்ததை வந்தபடி கூட்டாமல் குறைக்காமல் விடு என்று அர்த்தம். அலையின் உயரத்தை நேர்க்கணக்காகக் கட்டையின் மேல் பரப்பியிருந்தால், கட்டையைப் பாதி இறக்கினாலும் வெறும் 6 டெசிபல்தான் குறையும். மெல்லிய ஒலிகள் எல்லாம் அடியில் ஒரு விரல்கடை இடத்தில் நெரிந்து கிடக்கும். அதனால் பெரும்பாலும் வேலை நடக்கிற பூஜ்யத்தை ஒட்டி இடத்தைத் தாராளமாக விட்டு, கீழே போகப்போக நெருக்கி, அடியில் ஒரு முடிவிலிக் குறி போட்டு வைத்தார்கள். மேலே ஒரு 6 அல்லது 10 டெசிபல், அவசரத்துக்கு.

கணக்கு இவ்வளவுதான். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. எது சத்தமாகக் கேட்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எந்த நேரத்தில் எடுக்கிறார்கள்? அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததுதான் பல தட ஒலிப்பதிவின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆரம்பத்தில் தள்ளிப்போட வழியே இல்லை. 1925க்கு முன்பு மின்சாரம் இல்லாத ஒலிப்பதிவில் ஒரு பெரிய புனல் மட்டும்தான். யார் புனலுக்குப் பக்கத்தில் நிற்கிறார், யார் தள்ளி நிற்கிறார் என்பதே சத்த அளவு. பாடகர் உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது பின்னால் நகர்வார். மைக் வந்த பிறகும் வெகுகாலம் இதே கதைதான். கோடம்பாக்கத்திலும் பல வருடங்கள் பாடகரும் மொத்த வாத்தியக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். ஒருவர் பிசகினால் எல்லோருக்கும் இன்னொரு டேக். எது முன்னால், எது பின்னால் என்பது டேக் ஓகே ஆகிற அந்த நொடியில் முடிந்துபோன விஷயம்.

இதற்கு முதல் பெரிய விதிவிலக்கு, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. வால்ட் டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’. மிக்கி மௌஸ் மந்திரவாதியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருவாரே, அதே படம்தான். 1939இல் பிலடெல்பியாவின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய ஆர்கெஸ்ட்ராவை 33 மைக்குகள் வைத்துப் பதிந்தார்கள். வயலின்களுக்கு ஒன்று, பித்தளை வாத்தியங்களுக்கு ஒன்று என்று பிரித்துத் தனித்தனி ஃபிலிம் சுருள்களில். பிறகு அவற்றைக் கலந்து மூன்று ஒலித்தடங்களாக்கினார்கள்.

இங்கே ஒரு சிக்கல். ஃபிலிமில் பதிந்த ஒலியில் அடியில் எப்போதும் ஒரு சரசரப்பு இருக்கும். மெல்லிய இசை அதில் மூழ்கிவிடும், பலத்த இசைக்கோ ஃபிலிமில் இடம் போதாது. டிஸ்னியின் பொறியாளர்கள் செய்ததைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இசையை முடிந்தவரை பலமாகவே ஃபிலிமில் பதிந்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதை நான்காவதாக ஒரு தனித் தடத்தில் எழுதினார்கள். அந்தத் தடத்தில் இசை கிடையாது. வெவ்வேறு சுருதியில் மூன்று ஒற்றைத் தொனிகள் மட்டும், ஒலித்தடத்துக்கு ஒன்றாக. தொனி பலமானால் அதற்குரிய ஒலிபெருக்கி ஏறும், தணிந்தால் இறங்கும். இசை மெதுவாகும் இடத்தில் ஒலிபெருக்கி இறங்குவதால் ஃபிலிமின் சரசரப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

இன்றைய பாஷையில் சொன்னால் தரவு தனி, கட்டுப்பாட்டுத் தகவல் தனி. 1940இல்! கணினி என்ற சொல் எண்களைக் கையால் கூட்டும் மனிதர்களைக் குறித்த காலம் அது. அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று நியூயார்க்கின் பிராட்வே தியேட்டரில் படம் வெளியானது. கருவிகளுக்கு ஆன செலவும் தியேட்டரில் அவை அடைத்துக்கொண்ட இடமும் அதிகம், போரும் வந்துவிட்டது. மிகச் சில ஊர்களுக்குத்தான் அந்த ஏற்பாடு போனது, மற்றவர்கள் சாதாரண மோனோவில்தான் பார்த்தார்கள். அந்த யோசனை ஒலிப்பதிவுக் கூடங்களுக்குத் திரும்பிவர முப்பது வருடம் பிடித்தது.

இதற்கு நேர் எதிர் முனையில் லெஸ் பால். கிதார் பிரியர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். ஹாலிவுட்டில் தன் வீட்டு காரேஜில் தட்டுகளில் பதிந்துகொண்டிருந்தார். ஒரு கிதாரைத் தட்டில் பதிவார். அதை ஓடவிட்டு, கூடவே இன்னொரு கிதார் வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் பதிவார். பிறகு மூன்றாவது, நான்காவது. 1948இல் வந்த ‘லவ்வர்’ பாட்டில் எட்டு கிதார் பகுதிகள், எல்லாம் அவரே.

இதில் சத்த அளவை எப்படிச் சரிசெய்வது? சரிசெய்யவே முடியாது. இரண்டாவது கிதாரைச் சேர்க்கும்போது முதலாவது எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான், காலத்துக்கும். அதோடு ஒவ்வொரு தடவை படியெடுக்கும்போதும் பழைய ஒலி கொஞ்சம் மங்கும், இரைச்சல் கூடும். அதனால் லெஸ் பால் தலைகீழாக வேலை செய்தார். பாட்டில் எது முக்கியமில்லையோ அதை முதலில் வாசித்தார். பின்னணியில் மங்கிக் கிடந்தாலும் பரவாயில்லாத பகுதி எட்டு தலைமுறை தேயட்டும், முன்னால் நிற்க வேண்டியது கடைசியில் வந்தால் போதும். வாசிக்கும் வரிசையே மிக்ஸிங். பாட்டு முடிந்தால் எப்படி ஒலிக்க வேண்டும் என்று முதல் தட்டைப் போடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு டேப் வந்தது. அம்பெக்ஸ் இயந்திரத்தில் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தி இதே வித்தையை நாடாவில் செய்தார். மேரி ஃபோர்டோடு சேர்ந்து 1951இல் வெளியிட்ட ‘ஹவ் ஹை தி மூன்’ அப்படி வந்ததுதான். தட்டிலாவது பிசகினால் முந்தைய தட்டு கையில் இருக்கும். இதில் புதியது பழையதன் மேலேயே ஏறுவதால் கடைசி அடுக்கில் தப்பு செய்தால் முதலிலிருந்து எல்லாம் போச்சு. பேக்கப் இல்லாத சர்வரில் நேரடியாகக் கை வைக்கிற மாதிரி. எனக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

1957இல் அம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு ஓர் எட்டு தட இயந்திரம் செய்து கொடுத்தது. ஓர் அங்குல அகல நாடாவில் எட்டு தனித்தனிப் பாதைகள். ஒன்றைப் பதியும்போது மற்றவற்றைக் கேட்டுக்கொள்ளலாம், எதையும் எதோடும் கலக்க வேண்டியதில்லை. முடிவைத் தள்ளிப்போடும் வசதி இங்கேதான் முழுசாகப் பிறந்தது. எட்டையும் பதிந்து வைத்துவிட்டு அளவுகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, நாளைக்கு எட்டையும் எப்படிப் பார்ப்பது? அன்றைய கன்சோல்களில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பெரிய வட்டக் குமிழ்கள் இருந்தன. ஒரு கைக்கு ஒன்று என்று இரண்டைத் திருகலாம். எட்டை எப்படித் திருகுவது? அதே எட்டு தட இயந்திரத்தை அடுத்து வாங்கிய இடம் நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ். அங்கே ஒலிப்பதிவாளர் டாம் டௌட். பதின்வயதிலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் இயற்பியல் வேலையில் இருந்தவர், பியானோவும் வாசிப்பவர். குமிழ்களைத் தூக்கிவிட்டு, நேர்கோட்டில் மேலும் கீழும் நகரும் கட்டைகளைக் கன்சோலில் வரிசையாக வைத்தார். பத்து விரல்களையும் பியானோவில் வைப்பதுபோல வைத்து ஒரே நேரத்தில் பல தடங்களை அசைக்கலாம். நம் திரையில் நீளக் கட்டையாக நிற்கிறதே, அது இந்தக் கட்டையின் படம்தான். விரலுக்காகச் செய்த பொருளை இன்றைக்கு மவுஸால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

டௌட் பற்றி 2003இல் ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் ஒரு காட்சி. 1970இல் மயாமியில் பதிந்த ‘லைலா’ பாட்டின் மூலத் தடங்களைக் கன்சோலில் ஓடவிட்டு, வயதான டௌட் ஒவ்வொரு கட்டையாக ஏற்றிக் காட்டுவார். இது எரிக் கிளாப்டன், இது டுவேன் ஆல்மன் என்று. பாட்டை ஆயிரம் தடவை கேட்டவர்களுக்கும் உள்ளே அப்படி ஒரு கிதார் இருப்பது அப்போதுதான் தெரியும். பேச்சு குறைவு, விரல்கள்தான் பேசும். கிடைத்தால் பாருங்கள்.

லண்டனில் பீட்டில்ஸ்காரர்கள் 1967இலும் நான்கு தடத்தில்தான் காலம் தள்ளினார்கள். இடம் போதாதபோது நான்கையும் கலந்து இன்னோர் இயந்திரத்தில் ஒரு தடமாக்கி, மிச்ச மூன்றில் புதிதாகப் பதிவார்கள். முழுக்க லெஸ் பால் நிலைமை இல்லை, பாதி. ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டின் கடைசியில் பல பேர் சேர்ந்து பியானோக்களில் ஒரே சமயத்தில் அடித்துவிட்டு அப்படியே விட்டுவிடும் ஒரு கொத்து ஒலி வரும். 1967 பிப்ரவரி 22 அன்று பதிந்தது. ஒலி இயல்பாகத் தேயத் தேய, ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் அதே கணக்கில் கட்டையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனார். தேய்வும் ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுகட்ட, ஒலி நாற்பது நொடிக்கு மேல் நின்றது. கடைசியில் கட்டை உச்சியில் இருக்கும்போது அறையில் எதை வைத்திருந்தாலும் கேட்குமே! கேட்கிறது. காகிதம் சரசரக்கிறது, ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. நல்ல ஹெட்போனில் பாருங்கள். ஏற்றினால் நமக்கு வேண்டியது மட்டும் ஏறாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் எனக்கு மிகப் பிடித்த கதை 1975இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊரில் நடந்தது. 10சிசி என்ற நால்வர் குழு, ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ, ‘ஐ ஆம் நாட் இன் லவ்’ என்ற பாட்டு. பாட்டுக்குப் பின்னால் வாத்தியம் வேண்டாம், மனிதக் குரல்களே ஒரு கடல்போல இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பாட ஆள்? குழுவில் மூன்று பேர்தான். மூவரும் சேர்ந்து ஒரே ஸ்வரத்தை ‘ஆ’ என்று நீட்டி, அதைப் பதினாறு தடவை பதிந்தார்கள். ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். அடுத்த அரை ஸ்வரத்துக்கு மறுபடி 48. இப்படியே பதின்மூன்று ஸ்வரங்கள். 13 × 48 = 624 குரல்கள். வாரக்கணக்கில் ‘ஆ’ மட்டும்.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாடா வளையமாக ஒட்டி, முடிவில்லாமல் ஓடவைத்து, பதினாறு தட நாடாவில் தடத்துக்கு ஒரு ஸ்வரமாகப் பதிந்தார்கள். இப்போது பாருங்கள், பதின்மூன்று தடங்களில் பதின்மூன்று ஸ்வரங்கள் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. கட்டையை ஏற்றினால் அந்த ஸ்வரம் கேட்கும், இறக்கினால் மறையும். நான்கு பேரும் கன்சோலின் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, ஆளுக்குச் சில கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, பாட்டின் ராகப்போக்குக்கு ஏற்ப ஏற்றி இறக்கினார்கள். கன்சோலே வாத்தியமாகிவிட்டது. எந்தக் கட்டையும் முழுசாக அடிக்குப் போய்விடாதபடி அடியில் ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தார்கள். பதின்மூன்று ஸ்வரமும் எப்போதும் மிக மெல்லிதாகப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பாட்டில் ஒரு பனிமூட்டம் இருக்கிறதே, அது அந்த ஒட்டுநாடா.

சத்த அளவைச் சரிசெய்வது என்றால் பாட்டு எல்லாம் முடிந்த பிறகு செய்கிற ஒரு மெருகேற்றல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே அதுவே பாட்டு. எட்டு விரல் தப்பு செய்தால் எட்டு ஸ்வரம் தப்பு. நாலு பேருக்கும் பாட்டு மனப்பாடம், ஆனாலும் ஒத்திகை பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மற்றக் கூடங்களிலும் பெரிய பாட்டுகள் என்றால் அப்போது இதே கூத்துதான். பதினாறு, இருபத்துநான்கு தடங்கள் வந்துவிட்டன, கைகள் இரண்டுதான். கன்சோலைச் சுற்றி நாலைந்து பேர் நின்று, கட்டைகளின் ஓரத்தில் காகிதப் பட்டை ஒட்டிப் பென்சிலால் குறி போட்டு, இன்ன இடத்தில் நீ இதை ஏற்று, நான் அதை இறக்குகிறேன் என்று செய்வார்கள். மூன்றரை நிமிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது. முடிந்தது முடிந்ததுதான். அடுத்த நாள் கொஞ்சம் மாற்றலாம் என்றால் முழுக்க மறுபடி ஆட வேண்டும்.

1970களில் இதற்கு மருந்து வந்தது. முதலில், மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கிகள். கட்டை ஒலியைத் தொடாமல் எவ்வளவு என்று சொல்ல மட்டும் செய்யும், பெருக்கி அதன்படி ஏறி இறங்கும். அந்த எவ்வளவு என்ற தகவலை நாடாவிலேயே காலியாக உள்ள ஒரு தடத்தில் பதிந்தார்கள். ஃபேண்டேசியாவின் நான்காவது தடம் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டது! 1977இல் நீவ் நிறுவனம் லண்டனில் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்கு நெகாம் என்ற ஏற்பாட்டைக் கொடுத்தது. அதில் கட்டைக்கு அடியில் மோட்டார், பின்னால் ஒரு கணினி. ஒரு தடவை நீங்கள் அசைத்ததை அது நினைவில் வைத்து, அடுத்த தடவை கட்டைகள் தானாக மேலும் கீழும் நகரும். யாருமில்லாத கன்சோலில் கட்டைகள் ஆடுவதை முதன்முதலில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பிடிக்காத இடத்தில் மட்டும் கையை வைத்துத் திருத்தலாம், மற்றது அப்படியே இருக்கும். அன்றிலிருந்து மிக்ஸ் ஒரு கோப்பு.

மிச்சக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம், நம்மில் பலர் கண்ணால் பார்த்ததுதான். கலிஃபோர்னியாவின் டிஜிடிசைன் நிறுவனம் 1989இல் இரண்டு தட சவுண்ட் டூல்ஸையும் 1991இல் நான்கு தட ப்ரோ டூல்ஸையும் கொண்டுவந்தது. பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் தொடங்கிய ஆடாசிட்டி 2000இல் எல்லோருக்கும் இலவசமாக வந்தது. அதில் கட்டையோடு என்வலப் என்று ஒரு கருவியும் உண்டு. அலையின் மேலேயே கோட்டை வளைத்து, புள்ளி வைத்து, இந்த நொடியில் இவ்வளவு என்று வரையலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம். மூல ஒலிக்கு ஒன்றும் ஆகாது. முடிவைத் தள்ளிப்போட இனிமேல் எல்லையே இல்லை.

அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் ராத்திரி உட்கார்ந்து வயலினை அரை டெசிபல் இறக்குவது, மறுநாள் காலையில் கேட்டுவிட்டு ஏற்றுவது. கோப்புறையில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடைசி ஃபைனல்’ என்று 27 கோப்புகள் சேர்ந்துவிட்டன. அலுவலகத்தில் இப்படிப் பெயர் வைக்கிற பையன்களை நான் திட்டியிருக்கிறேன். லெஸ் பாலுக்கு 27 வாய்ப்பு கிடையாது, 10சிசியின் நாலு பேரும் அரை டெசிபலுக்கு மல்லுக்கட்டியிருக்க முடியாது.

இதில் பெரிய தொல்லை அம்மாவின் கேசட்தான். அப்பா டேப் ரெக்கார்டரைச் சமையலறை மேடையில் வைத்துத்தான் பதிந்திருக்கிறார். அம்மா பாடும்போது பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, மொத்தம் மூன்று. முதல் விசில் அம்மாவின் குரலைவிடச் சத்தம். குரலும் விசிலும் ஒரே தடத்தில். என்வலப் கோட்டை விசில் வரும் இடத்தில் கீழே இழுத்தேன், குரலும் கூடவே போனது. குரலை மீட்க ஏற்றினேன், கேசட் இரைச்சல் அலைபோல வந்து மோதியது. அந்த ஒரு தடத்தில் மட்டும் நாற்பது புள்ளிகள் வைத்திருந்தேன். கேட்டால் அம்மா யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற அறையில் பாடுவதுபோல இருந்தது.

லெஸ் பாலைப் படித்துக்கொண்டிருந்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேசட்டுக்கு மிக்ஸிங் 1994இலேயே முடிந்துவிட்டது. டேப் ரெக்கார்டரை அடுப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது என்று அப்பா யோசித்தாரோ இல்லையோ, அவர் வைத்த இடம்தான் மிக்ஸ். அதை நான் பிரிக்க முடியாது.

நாற்பது புள்ளிகளையும் அழித்தேன். கேசட் தடத்தைப் பூஜ்யத்தில் வைத்து, அதைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்து, மற்ற ஐந்தையும் அடிவரைக்கும் இறக்கிவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக அம்மாவின் குரலுக்குக் கீழே நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்றினேன். தம்புரா –18, மிருதங்கம் –12, முதல் வயலின் –14, இரண்டாவது –17. கீபோர்டை முடக்கிவிட்டேன். அதை வாசித்தவனுக்குத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. முழுக்க இருபது நிமிட வேலை. கேட்டுக்கூடப் பார்க்காமல் ஏற்றுமதி செய்து, 27 பழைய கோப்புகளையும் நீக்கினேன். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை கேட்டேன்.

திதி அன்று சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன். மூன்றாவது விசிலோடு பாட்டு பாதியில் நிற்கிறது, அம்மா அடுப்பை அணைக்கப் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“விசிலை எடுக்காம விட்டியே, அதுவரைக்கும் சரி. ஆனா அந்த வயலினை இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்டா.”